ஜவ்வாது மலையில் ஒரு பந்தயக் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஹூண்டாய் தொழிற்சாலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள கார் பந்தயத் தடம் ஒன்று 1990-லிருந்து இருக்கிறது. காற்று சாலைப் பக்கம் திரும்பி இஞ்சின் சத்தத்தை அள்ளிக்கொண்டு வந்தால்தான் பலருக்கு அது ஞாபகம் வரும்.

எங்கள் வண்டி வாடகைக்கு எடுத்த பழைய இன்னோவா. சித்தப்பா, சித்தி, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான், ஓட்டுநர் என்று ஏழு பேர். பின்னால் பைகளும் தண்ணீர் கேனும் சித்தி கிளறிக் கொண்டுவந்த புளியோதரைத் தூக்கும். இருங்காட்டுக்கோட்டை நெருங்கியதும் முன்சீட்டிலிருந்த சித்தப்பா, “தம்பி, கண்ணாடிய கொஞ்சம் இறக்குப்பா” என்றார். தடத்தில் ஏதோ பயிற்சி ஓட்டம் போலிருக்கிறது. உச்சத்துக்கு ஏறி, வளைவுக்காக அடங்கி, மறுபடியும் ஏறும் அந்தச் சத்தம் சாலைவரை கேட்டது. அது கேட்ட நேரத்திலிருந்து மலை ஏறி இறங்கிப் போளூர் சேரும்வரை எங்களுக்குள் ஒரே பேச்சுதான்: அந்தக் காலப் பந்தயக் கார் உசத்தியா, நாங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் குடும்ப வண்டி உசத்தியா?

சித்தப்பா இந்தப் பேச்சுக்கு உரிமை உள்ளவர். இளவயதில் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பந்தயக்காரர்கள் சிலர் உதிரி பாகங்களைக் கடைந்துகொள்ள அந்தப் பட்டறைக்கு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் பந்தய நாட்களில் சோழவரத்துக்குப் போய்க் கார் தள்ளவும் டயர் உருட்டவும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் நின்றிருக்கிறார். சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விமானம் இறங்கப் போட்ட கான்கிரீட்டில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டும் பாதி உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும். வெளிநாட்டிலிருந்து வந்த அசல் பந்தயக் கார்களும் அவற்றோடு ஓடின. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரை ஓட்டியது அங்கேதான். அந்தக் காரின் சத்தம் இன்னும் நெஞ்சுக்குள் இருப்பதாக சித்தப்பா சொல்வார். சொல்லும்போது கை தானாக மார்புக்குப் போகும்.

ஆனால் அவர் மனதில் முதலிடம் அந்தச் சீமைக் காருக்கு இல்லை. கோயம்புத்தூர் கரிவர்தனின் ஃபார்முலா மாருதிக்குத்தான். எனக்கும் அப்படியே. பந்தயக் காரை இறக்குமதி செய்வதென்றால் பணமும் வேண்டும், அனுமதியும் வேண்டும் என்றிருந்த காலம். 1980-களின் கடைசியில் கரிவர்தன் ஒரு வழி கண்டார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டகம். அதன் மேல் கண்ணாடியிழை உடம்பு. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800-ன் 796 சிசி இஞ்சின். எந்த ஊர் மெக்கானிக் ஷெட்டிலும் பிரித்து மாட்டக்கூடிய மூன்று சிலிண்டர் இஞ்சின் அது. காரில் வரும்போது நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாது. அதை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உண்டாக்கி, வசதி குறைந்த இளைஞர்களும் பந்தயத்துக்குள் வர வழி திறந்துவிட்டார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். அந்த நிலையை எட்டிய முதல் இந்தியர். அதே ஆண்டு இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்து புள்ளிகளும் பெற்றார். ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம்தான். அதனால் என்ன, ஓடியவர் ஓடினார்.

வேலூர் தாண்டும்போது கணக்குப் போடத் தொடங்கினோம். வண்டி தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், சித்தி மூன்றாவது வரிசையில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். 1929-ல் மொனாக்கோவில் நடந்த முதல் கிராண்ட் பிரீயை வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் புகாட்டி 35பி காரில் வென்றபோது அவருடைய சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1924-ல் முதலில் வந்த புகாட்டி 35-ன் இரண்டு லிட்டர் இஞ்சின் சுமார் 90 குதிரைத்திறன் தந்தது. 2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் இன்னோவாவின் இரண்டரை லிட்டர் டீசல் இஞ்சின் 102. “பாத்தீங்களா சித்தப்பா, உலகத்தையே ஜெயிச்ச காரைவிட நம்ம வண்டிக்குப் பலம் ஜாஸ்தி” என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பலத்தை மட்டும் பாத்தா எப்படிடா? எடை என்ன?” அங்கேதான் கணக்கு புரள்கிறது. புகாட்டி ஏறத்தாழ 750 கிலோ. இன்னோவா வெறும் வண்டியாகவே ஒன்றரை டன்னுக்கு மேல். நாங்களும் பைகளும் ஏறியபின் இரண்டு டன். ஒரு டன்னுக்கு இத்தனை குதிரை என்று வகுத்தால் புகாட்டியில் பாதிகூட நமக்கு வராது. மொனாக்கோ நேர்ச்சாலையும் அல்ல. கடலோர மலைச்சரிவில் அமைந்த ஊர் அது; தெருவே வளைந்து வளைந்து ஏறி இறங்கும். அப்படிப்பட்ட பாதையில்தான் அந்த மனிதர் கிட்டத்தட்ட நான்கு மணிநேரம் எண்பதில் ஓட்டியிருக்கிறார். நெடுஞ்சாலைத் தொண்ணூறை அதோடு ஒப்பிடுவது நியாயமல்ல என்று ஒத்துக்கொண்டேன். சரியான ஒப்பீடு வாணியம்பாடியில் திரும்பியபின் வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம்வரை சமவெளி. ஆலங்காயம் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சாலை ஏறத் தொடங்குகிறது. இருபுறமும் மூங்கிலும் காட்டு மரங்களும். குரங்குகள் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு முன்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று மனிதன் ஓடும் வேகத்தில் முனகிக்கொண்டு ஏறியது. முந்த இடமில்லை. ஓட்டுநர் இரண்டாவது கியரில் அதன் பின்னாலேயே பொறுமையாக வந்தார். இஞ்சின் சிணுங்கவே இல்லை. அந்த டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே தன் முழு இழுவையையும் கொடுத்துவிடும். புகாட்டியோ ஃபார்முலா மாருதியோ அப்படியல்ல. சுற்று ஏற ஏறத்தான் அவற்றுக்கு உயிர் வரும். புகாட்டி இஞ்சினை 6,000 சுற்றுவரை கொண்டுபோவார்கள். அதை இந்த லாரிக்குப் பின்னால் விட்டால் திணறித் திணறி நின்றுபோகும். தவிர, பந்தயக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டருக்கு விசிறியே வைப்பதில்லை; ஓடும் வேகத்தில் வரும் காற்றுதான் குளிர்விக்க வேண்டும். மெல்ல ஏறினால் பத்து நிமிடத்தில் கொதித்துவிடும். சித்தப்பா தலையாட்டினார். ஒருகாலத்தில் அம்பாசிடரில் மலை ஏறினால் பாதி வழியில் நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் துணியால் திறந்து தண்ணீர் ஊற்றியது அவருக்கு மறக்கவில்லை.

ஒரு திருப்பத்தில் லாரி ஒதுங்கி வழி விட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தினார். “அந்தக் கண்ணாடி ரேஸ்ல இருந்து வந்தது, தெரியுமா தம்பி?” என்று தொடங்கினார் சித்தப்பா. உண்மைதான், பெரும்பாலும். 1911-ல் இண்டியானாபொலிஸில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தபோது ஒவ்வொரு காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வார். ரே ஹாரூன் மட்டும் மார்மன் வாஸ்ப் என்ற ஒற்றை இருக்கைக் காரோடு வந்தார். ஆளில்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் காருக்கு மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓடி, ஜெயித்தும் விட்டார். நாராயண் கார்த்திகேயன் 94 ஆண்டுகள் கழித்துப் புள்ளி எடுத்ததும் அதே இண்டியானாபொலிஸில்தான் என்று நான் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

காவலூரில் வண்டியை நிறுத்தினோம். வைனு பாப்பு வானாய்வகம் இங்கே கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். 1972-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி இங்கே நிறுவப்பட்டது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் கண்டுகொண்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியது 2.34 மீட்டர் தொலைநோக்கியை. இந்தியாவிலேயே வடிவமைத்து, ஆடியையும் இங்கேயே தேய்த்து மெருகேற்றி, 1986-ல் திறந்தது. வெளியே வாங்க முடியாததை இருக்கும் கைகளாலும் இருக்கும் பட்டறைகளாலும் செய்துகொண்ட தலைமுறை அது. கரிவர்தனும் அந்தத் தலைமுறைதான். குவிமாடத்துக்குக் கீழே நின்று நான் ஃபார்முலா மாருதியை நினைத்தேன். அளவு வேறு, பெருமை வேறு. ஆனால் ‘நம்மிடம் இருப்பதை வைத்துச் செய்வோம்’ என்ற துணிச்சல் இரண்டிலும் ஒன்றே. 1988-ல் இங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்துச் சாதனைகளில் வானியலைப் பள்ளிப் பாடத்தில் சொல்கிறோம். குழாய்ச் சட்டகத்தை எங்கும் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர்வரை சாலை மேட்டுநிலத்தில் ஏறியும் இறங்கியும் போகிறது. சாமை வயல்கள், புளியமரங்கள், ஓட்டு வீடுகள். ஜவ்வாது மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிளைச்சாலை, சிலவற்றுக்கு வெறும் மண்பாதை. ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் டீ குடிக்க இறங்கினோம். சாமை மூட்டையும் ஆடும் ஆட்களும் ஒன்றாக ஏறிய ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் வந்து போய்க்கொண்டிருந்தன. இவற்றில் எதுவும் சொகுசு வண்டி அல்ல. ஆனால் இந்த மலையில் ஒரு வண்டியை எடைபோட வேண்டுமென்றால் அளவுகோல் இதுதான்: எத்தனை பேரை, என்ன சுமையோடு, எந்த வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? சாலை எட்டாத மலைக் குக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவதாக இன்னும் செய்திகள் வருகின்றன. சாலை முடியும் இடத்தில் காத்திருக்கும் 108 ஆம்புலன்ஸும் ஒரு வேன்தான். கடைக்காரப் பெண்மணி, “இந்த மாதிரி வண்டி ஊருக்கு ஒண்ணு இருந்தா போதும் சார், பிரசவத்துக்குப் பயமில்ல” என்று எங்கள் இன்னோவாவைக் காட்டிச் சொன்னார். சித்தப்பாவும் நானும் அதன்பின் கொஞ்ச நேரம் குதிரைத்திறன் பேசவில்லை.

கோலப்பன் ஏரிக்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது அவரே மறுபடியும் தொடங்கினார். “இருந்தாலும்டா, இந்த வண்டில இருக்கிறது எல்லாம் ரேஸ் போட்ட பிச்சைதான்.” அங்கே நான் மறுத்தேன். இன்னோவாவுக்குப் பந்தயக் கார் உறவு உண்டு, ஆனால் பெற்ற அப்பன் லாரி. அதன் ஏணிச் சட்டகம் லாரியினுடையது. டர்போ வைத்த டீசல் இஞ்சினும் கப்பலிலும் லாரியிலும் வளர்ந்து வந்தது. ரெனோ 1977-ல் ஃபார்முலா 1-க்கு டர்போவைக் கொண்டுவந்தபோது லாரிக்காரர்களுக்கு அது பழைய சமாச்சாரம். மூன்று முனை இருக்கைப் பட்டையை 1959-ல் வோல்வோவுக்கு வடிவமைத்த நில்ஸ் போலின் அதற்குமுன் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளில் வேலை பார்த்தவர். அவர் பந்தயத்துக்காரரே அல்ல.

ஆனால் சித்தப்பா பக்கமும் வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். ஐரோப்பாவில் 1984-ல் வந்து குடும்ப வேனுக்கு வழிகாட்டிய ரெனோ எஸ்பாஸைக் கட்டியது மாத்ரா என்ற பிரெஞ்சு நிறுவனம். அதே மாத்ராவின் காரில்தான் ஜாக்கி ஸ்டூவர்ட் 1969-ல் உலகச் சாம்பியன் ஆனார். 1972, 73, 74 மூன்றாண்டும் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜெயித்ததும் அவர்கள்தான். பந்தயத்தில் இனி ஜெயிக்க ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு ஜெயித்தவர்கள், பத்தாண்டு கழித்துக் குழந்தை குட்டியோடு போகும் வண்டியைக் கட்டினார்கள். எஸ்பாஸின் பத்தாம் ஆண்டுக்காக அதே வேனுக்குள் ஃபார்முலா 1-ன் வி10 இஞ்சினைத் திணித்து ஒரு காட்சி வண்டியும் செய்தார்கள். ஏறக்குறைய 800 குதிரைத்திறன்; நான்கு பேருக்கு மட்டும் இடம். எனக்கு அந்த வண்டிமேல் ஆசை வந்ததில்லை. ஏழு பேரும் ஒரு தூக்குப் புளியோதரையும் ஏற முடியாவிட்டால் அது வேன் ஆகாது.

பீமன் அருவியில் தண்ணீர் சுமாராகத்தான் இருந்தது. மழைக்குப்பின் போவதே நல்லது. மாலையில் போளூர்ப் பக்கம் அத்திமூர் வழியாக இறங்கினோம். ஏறிய பக்கத்தைவிட இந்தப் பக்கம் இறக்கம் நீளம். வாதம் முடிவுக்கு வந்தது இந்தச் சரிவில்தான்.

முதல் சில வளைவுகளில் ஓட்டுநர் மூன்றாவது கியரில் வைத்து, வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். நல்ல பிரேக்தான். 1953-ல் லே மானில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு வந்து, மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் ஜெயித்தன. அதற்கு முன்னால் பெரும்பாலும் டிரம் பிரேக்; சூடேறினால் பிடி விட்டுப்போகும். புகாட்டி 35-ல் கேபிள் இழுத்து இயங்கும் டிரம். பந்தயக் கார் குடும்பங்களுக்குத் தந்த உண்மையான சீதனம் எது என்று கேட்டால் டிஸ்க் பிரேக் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் இன்னோவாவின் பின்சக்கரங்களில் டிரம்தான். இரண்டு டன் சுமை சரிவில் உருளும்போது டிஸ்க்கும் சூடாகும்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: “தம்பி, செகண்டுல போட்டுக்கோ. பிரேக்க நம்பாத, இஞ்சின நம்பு.”

“சரிங்க ஐயா” என்று ஓட்டுநர் கியரை இறக்கினார். இஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அடிவாரம்வரை பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்தார். சோழவரத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது என்றார் சித்தப்பா. அந்தக் கார்களில் ஓட்டுபவருக்கு எல்லாமே உடம்பில் தெரியும்: டிரம் காய்வது மூக்குக்கு வரும், டயர் நழுவுவது இடுப்பில் தெரியும், இஞ்சின் வருந்துவது முதுகெலும்பில் தெரியும். தெரிந்ததால் வண்டிக்கு ஏற்றபடி ஓட்டினார்கள். இன்றைய குடும்ப வண்டி ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, சத்தத்தை அடக்கி, அந்தச் செய்தி எதையும் நமக்குச் சொல்வதில்லை. வண்டி நல்லதாக ஆக ஆக ஓட்டுபவருக்குச் சரிவு மறந்துபோகிறது. இதில் மட்டும் பழைய பந்தயக் கார் இன்றைக்கும் உசத்தி. நான் முழுமனதோடு ஒத்துக்கொண்டேன். அவரும், ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு மலையேறி இறங்க இந்த வண்டியை விட்டால் வேறில்லை என்று ஒத்துக்கொண்டார்.

இந்த மலையில் பிறக்கும் சேயாறு, சங்க காலத்தில் செங்கண்மாவை ஆண்ட நன்னனின் நாட்டில் பாய்ந்த ஆறு. அவனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், வழியழகை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எங்கே வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பார்கள், எங்கே பார்த்து நடக்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கிறது. இந்த நாட்டுக்கு வழி சொல்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஜவ்வாது மலைக்குக் குடும்பத்தோடு போங்கள். ஆலங்காயம் வழியாக ஏறி, காவலூர் பார்த்து, ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு, போளூர் வழியாக இறங்குங்கள். மழைக்காலம் முடிந்த மாதங்கள் நல்லவை. ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். பார்வை மறையும் வளைவுகளில் ஹாரன் கொடுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரைக் கையால் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கும் பெல்ட் போட்டுவிடுங்கள். சோழவரத்தில் ஓடிய பழைய கார் ஏதாவது உங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயின்கீழ் கிடந்தால், அதற்கு எண்ணெய் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுவாருங்கள். பார்க்க நாங்கள் வருவோம், இன்னோவாவில்.